கழுத்தில் கை வைப்பது யார்? கம்ப்யூட்டர் முன் உட்காரும் ஊழியர்களே உஷார்!

கோவை:

"கழுத்த திருப்ப முடியல சார், அரை நாள் லீவு வேணும்..."

கோவை, திருப்பூர் பக்கம் எந்த ஆபீசில் கேட்டாலும் இந்த வசனம் காதில் விழும். முன்பெல்லாம் தலையில் சுமை தூக்குபவர்களுக்கும், நெசவாளிகளுக்கும், டெய்லர்களுக்கும்தான் கழுத்து வலி வரும் என்பார்கள். இப்போது ஏ.சி. ரூமில் சுழல் நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்ப்பவர்கள்தான் கழுத்தைப் பிடித்துக் கொண்டு அலைகிறார்கள்.

விளாங்குறிச்சி டைடல் பார்க், சரவணம்பட்டி ஐ.டி. கம்பெனிகள் மட்டும் என்று நினைக்க வேண்டாம். வங்கி, ஆடிட்டர் ஆபீஸ், தாலுகா அலுவலகம், திருப்பூர் பனியன் கம்பெனிகளின் எக்ஸ்போர்ட் ஆபீஸ் என்று கீ-போர்டு இருக்கிற இடமெல்லாம் இந்த வலி இருக்கிறது. உலகம் முழுக்க 2020-ம் ஆண்டில் சுமார் 20 கோடியே 30 லட்சம் பேர் கழுத்து வலியால் அவதிப்பட்டதாக 2024-ல் வெளியான சர்வதேச ஆய்வு ஒன்று கணக்கு சொல்கிறது.

வலி வந்துவிட்டது. அடுத்து என்ன? யாராவது கை வைத்து சரி பண்ண மாட்டார்களா என்றுதான் மனசு தேடும். ஒருவர் சுளுக்கு எடுப்பவரிடம் ஓடுகிறார். ஒருவர் சலூனில் முடி வெட்டும்போதே "அப்படியே கழுத்துல ஒரு சொடக்கு எடுத்து விடுங்கண்ணே" என்கிறார். இன்னொருவர் பிசியோதெரபி கிளினிக்கில் கரண்ட் வைத்துக் கொண்டு வருகிறார். எல்லாமே கழுத்து மேல்தான் நடக்கிறது. ஆனால் எல்லாமே ஒன்று அல்ல. இதில் பலன் எது, பணம் பிடுங்குவது எது, உயிருக்கே உலை வைப்பது எது என்று தெரிந்து கொள்வது அவசியம்.

தலைக்கு எவ்வளவு வெயிட்?

மனிதத் தலையின் எடை 4½ முதல் 5½ கிலோ. நிமிர்ந்து இருக்கும்போது இந்த எடையை கழுத்து சுலபமாகத் தாங்கும். குனிய குனிய சுமை கூடும். தலையை 60 டிகிரி குனிந்தால் கழுத்தின் மீது 27 கிலோ அளவுக்கு அழுத்தம் விழும் என்று 2014-ல் நியூயார்க் எலும்பு டாக்டர் ஒருவர் கணக்கு போட்டுக் காட்டினார். இது கம்ப்யூட்டர் மாடலில் போட்ட கணக்குதான். ஆள் கழுத்தில் அளந்தது அல்ல. இருந்தாலும் லேப்டாப்பையும் செல்போனையும் குனிந்தே பார்க்கிறவர்கள் கழுத்துக்கு ஓவர்டைம் கொடுக்கிறார்கள் என்பது புரியும்.

குனிவது மட்டும் குற்றவாளி இல்லை. ஒரே நிலையில் அசையாமல் மணிக்கணக்கில் இருப்பதுதான் பெரிய குற்றவாளி. டெட்லைன் டென்ஷனில் தோள் இரண்டும் காதை நோக்கி ஏறி நிற்கும். அது நமக்கே தெரியாது. தூக்கக்குறைவும், மேனேஜர் கொடுக்கிற மன அழுத்தமும் வலியைக் கூட்டும்.

"எலும்பு தேய்மானம்" என்ற பூச்சாண்டி

கழுத்து வலி என்று போனால் முதலில் எக்ஸ்ரே, அடுத்து எம்.ஆர்.ஐ. ஸ்கேன். ரிப்போர்ட்டில் "டிஸ்க் பிதுங்கி இருக்கிறது", "எலும்பு தேய்மானம்" என்று வந்ததும் ஆள் பாதி ஒடிந்து விடுகிறார். "எனக்கு தேய்மானம், இனி அவ்வளவுதான்" என்று வீட்டில் சொல்லி, எல்லோரையும் பயமுறுத்தி விடுகிறார்.

இங்கேதான் ஒரு முக்கியமான தகவல். ஜப்பானில் கழுத்து வலியே இல்லாத 1,211 பேரை அழைத்து எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்தார்கள். 2015-ல் வெளியான இந்த ஆய்வில், 87.6 சதவீதம் பேருக்கு கழுத்து டிஸ்க் பிதுங்கி இருந்தது. 20 வயதுக்காரர்களிலேயே பலருக்கு இருந்தது. ஆனால் அவர்களுக்கு வலி எதுவும் இல்லை!

தலைமுடி நரைப்பது மாதிரி டிஸ்க்கும் வயதாக வயதாக மாறும். ரிப்போர்ட்டில் இருக்கிற வார்த்தை எல்லாம் வியாதி அல்ல. கை மரத்துப் போகிறது, பிடிமானம் குறைகிறது என்றால் ஸ்கேன் தேவைப்படும். வெறும் கழுத்துப் பிடிப்புக்கு ஸ்கேன் எடுத்து பயத்தை விலைக்கு வாங்க வேண்டியதில்லை.

கை வைத்தியத்தில் 3 ரகம்

பிசியோதெரபிஸ்ட்டுகள் கையால் செய்யும் சிகிச்சையை 3 ரகமாகப் பிரிக்கலாம்.

முதலாவது, தசையை அழுத்தி, நீவி விடுவது. கழுத்தில் இருந்து தோள்பட்டைக்கு இறங்கும் டிரபீசியஸ் தசைதான் ஆபீஸ் ஊழியர்களுக்கு அதிகம் இறுகும். அந்த இறுக்கத்தை விரலால் தளர்த்துவார்கள்.

இரண்டாவது, கழுத்து மூட்டுகளை மெதுவாக, தாளகதியில் அசைத்துக் கொடுப்பது. இதை மொபிலைசேஷன் என்பார்கள். ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த மெயிட்லேண்ட், நியூசிலாந்தைச் சேர்ந்த முல்லிகன் ஆகிய இரண்டு பிசியோதெரபிஸ்ட்டுகள் உருவாக்கிய முறைகள் நம்ம ஊர் பிசியோதெரபி மாணவர்களுக்கும் நன்கு பழக்கம். இதில் நோயாளி விழிப்போடு இருப்பார். வலித்தால் "போதும்" என்று நிறுத்தச் சொல்லலாம்.

மூன்றாவது, ஒரே வெட்டில் கழுத்தைத் திருப்பி "டொக்" என்று சத்தம் வர வைப்பது. இது மேனிபுலேஷன். நம்ம பாஷையில் சொடக்கு, நெட்டி. கண் இமைக்கும் நேரத்தில் முடிந்து விடும். நோயாளி நிறுத்தச் சொல்ல நேரமே இருக்காது.

அந்த "டொக்" சத்தத்தைக் கேட்டதும் "விலகின எலும்பு உட்கார்ந்திருச்சு" என்று பலர் நம்புகிறார்கள். அது தவறு. மூட்டுக்குள் இருக்கும் திரவத்தில் வாயுக் குமிழி உருவாகும்போது வருகிற சத்தம் அது. எலும்பு எங்கேயும் விலகவும் இல்லை, திரும்பி வந்து உட்காரவும் இல்லை. கை பட்டதும் வலி குறைவதற்குக் காரணம், நரம்பு மண்டலம் வலி சமிக்ஞையை சற்று நேரம் அடக்கி வைப்பதும், தசை தளர்வதும்தான் என்கிறார்கள் நிபுணர்கள்.

ஆய்வில் தெரிந்தது என்ன?

மருத்துவ ஆய்வுகளை அலசி முடிவு சொல்லும் கோக்ரேன் என்ற சர்வதேச அமைப்பு, 2015-ல் கழுத்து வலிக்கான கை வைத்தியம் பற்றி 51 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தது. மொத்தம் 2,920 நோயாளிகள். கிடைத்த முடிவு: சொடக்கு எடுக்கும் முறையும், மெதுவாக அசைக்கும் முறையும் ஏறக்குறைய ஒரே அளவு பலனைத்தான் தருகின்றன. இருக்கிற ஆதாரங்களின் தரமும் பெரும்பாலும் குறைவாகவே இருக்கிறது என்றும் அந்த அமைப்பு ஒப்புக்கொண்டது.

இதை ஆபீஸ் ஊழியர் எப்படிப் புரிந்து கொள்ள வேண்டும்? பலன் இரண்டிலும் ஒன்றுதான் என்றால், ஆபத்து அதிகம் உள்ளதை எதற்குத் தேர்ந்தெடுக்க வேண்டும்? அதுவும் படிக்காத கையில் கழுத்தை எதற்குக் கொடுக்க வேண்டும்?

அமெரிக்க பிசியோதெரபி சங்கத்தினர் 2017-ல் வெளியிட்ட வழிகாட்டுதலும், கை வைத்தியத்தை பெரும்பாலும் தனியாகச் சிபாரிசு செய்யவில்லை. பல நிலைகளில் உடற்பயிற்சியோடு சேர்த்துச் செய்யச் சொல்கிறது. கை வலியைக் குறைத்து கதவைத் திறந்து விடும். உள்ளே நடந்து போக வேண்டியது நோயாளிதான்.

சலூன் சொடக்கு: பகீர் சம்பவங்கள்

கழுத்தில் மொத்தம் 7 எலும்புகள். அதில் மேலே உள்ள 6 எலும்புகளின் பக்கவாட்டு ஓட்டைகள் வழியாக, மூளையின் பின்பகுதிக்கு ரத்தம் கொண்டு போகும் 2 குழாய்கள் ஏறுகின்றன. கழுத்தின் முன்பக்கம் இன்னும் 2 பெரிய குழாய்கள். கழுத்தை வெடுக்கென்று திருப்பும்போது இந்தக் குழாயின் உள்சுவர் கிழிய வாய்ப்பு உண்டு. கிழிந்த இடத்தில் ரத்தம் உறைந்து, அந்தக் கட்டி மூளைக்குப் போனால் பக்கவாதம்தான்.

கர்நாடக மாநிலம் பல்லாரியில் 2024-ல் முடி வெட்டப் போன வாலிபர் ஒருவருக்கு, மசாஜ் செய்த சலூன்காரர் கழுத்தை வெடுக்கென்று திருப்பினார். வீட்டுக்குப் போன சில மணி நேரத்தில் அவருக்கு பேச்சு வரவில்லை, இடது பக்கம் பலவீனம் ஆனது. பெங்களூர் ஆஸ்பத்திரியில் பார்த்தபோது கழுத்து ரத்தக் குழாய் கிழிந்து பக்கவாதம் வந்திருப்பது தெரிந்தது. சிகிச்சைக்குப் பிறகு அவர் தேறினார்.

அதற்கு முன்பு 2017-ல் டெல்லிக்காரர் ஒருவருக்கு சலூனில் கழுத்தைத் திருப்பியதில், மூச்சு விட உதவும் உதரவிதானத்தை இயக்கும் நரம்பு பாதித்து மூச்சுத்திணறல் ஏற்பட்டது.

இப்படி நடப்பது ரொம்ப அபூர்வம் என்பதையும் சொல்லியாக வேண்டும். ஆனால் சும்மா இலவசமாகக் கிடைக்கிறதே என்று எடுத்துக் கொள்ளும் ஒரு சொடக்குக்கு இவ்வளவு பெரிய விலையா? சலூன்காரரைக் குறை சொல்லியும் பயன் இல்லை. வாடிக்கையாளர் கேட்கிறார், அவர் செய்கிறார். கேட்பதை நாம் நிறுத்தினால் போதும்.

கரண்ட் வைத்து அனுப்பினால் போதுமா?

சரி, முறையாகப் படித்த பிசியோதெரபிஸ்ட்டிடமே போகிறோம். அங்கேயும் ஒரு பிரச்சினை இருக்கிறது. சில கிளினிக்குகளில் போனதும் படுக்க வைத்து, சுடு ஒத்தடம், அப்புறம் 15 நிமிடம் கரண்ட். "நாளைக்கு வாங்க" என்று அனுப்பி விடுவார்கள். கழுத்தைத் தொட்டுப் பார்ப்பதும் இல்லை, எந்தப் பக்கம் திரும்பவில்லை என்று அளப்பதும் இல்லை, வீட்டில் செய்ய ஒரு பயிற்சி சொல்வதும் இல்லை. கூட்டம் அதிகம், மெஷின் வைத்து விட்டால் ஒரே நேரத்தில் 4 பேரை பார்த்து விடலாம் என்பதுதான் கணக்கு.

இன்னொரு பக்கம், நோயாளிகளும் அப்படித்தான். "பயிற்சி எல்லாம் எனக்கு டைம் இல்ல, நீங்க அமுக்கி விடுங்க போதும்" என்பவர்கள்தான் அதிகம். அமுக்கி விட்ட சுகம் இரண்டு நாள் இருக்கும். மூன்றாம் நாள் அதே நாற்காலி, அதே லேப்டாப், அதே வலி. ஒரு தடவைக்கு 400 ரூபாய் என்று வைத்துக் கொண்டாலும் 10 நாளில் 4 ஆயிரம் ரூபாய் போய்விடும். வலி மட்டும் போகாது.

கழுத்து பெல்ட் கதையும் இதுதான். அடிபட்டவர்களுக்கும் ஆபரேஷன் ஆனவர்களுக்கும் டாக்டர் சொன்னால் பெல்ட் அவசியம். சாதாரண பிடிப்புக்கு மாதக்கணக்கில் மாட்டிக் கொண்டே இருந்தால், வேலை செய்ய வேண்டிய தசை சோம்பேறியாகி இன்னும் பலவீனம் ஆகிவிடும்.

தினமும் 2 நிமிடம்!

"டைம் இல்ல" என்பவர்களுக்காகவே டென்மார்க்கில் ஒரு ஆய்வு நடந்தது. அடிக்கடி கழுத்து, தோள் வலி வருகிற 198 ஆபீஸ் ஊழியர்களை 3 குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு தினம் 2 நிமிடம் ரப்பர் டியூப் பயிற்சி. இன்னொரு குழுவுக்கு 12 நிமிடம். மூன்றாவது குழுவுக்கு அறிவுரை மட்டும். வாரத்துக்கு 5 நாள் வீதம் 10 வாரம் நடந்தது.

2011-ல் வெளியான முடிவு ஆச்சரியம். வலியை 10 மார்க்குக்கு அளந்தால், அறிவுரைக் குழுவை விட 12 நிமிடக் குழுவுக்கு 1.9 மார்க் குறைந்தது. வெறும் 2 நிமிடக் குழுவுக்கே 1.4 மார்க் குறைந்தது!

பயிற்சியும் பெரிய வித்தை இல்லை. ரப்பர் டியூப்பின் நடுப்பகுதியை காலால் மிதித்துக் கொண்டு, இரு முனையையும் கையில் பிடித்து, இரண்டு கைகளையும் பக்கவாட்டில் தோள் உயரத்துக்கு மெதுவாகத் தூக்கி இறக்க வேண்டும். டியூப் விலை சில நூறு ரூபாய்தான். ஆனால் முதல் தடவை பிசியோதெரபிஸ்ட் முன்னால் செய்து காட்டி சரி பார்த்துக் கொள்வது நல்லது. கை மரத்துப் போகிறவர்கள், தோளில் அடிபட்டவர்கள் கேட்காமல் செய்யக்கூடாது.

இதோடு லேப்டாப்புக்கு கீழே நாலு தடி புத்தகத்தை அடுக்கி ஸ்கிரீனை கண் மட்டத்துக்கு உயர்த்தி, தனி கீ-போர்டு போட்டுக் கொள்ளலாம். அரை மணிக்கு ஒரு தடவை எழுந்து தண்ணீர் குடிக்கப் போகலாம். போனில் பேசும்போது தோளுக்கும் காதுக்கும் நடுவில் போனைச் சொருகுவதை விடலாம். இதற்கெல்லாம் யாருக்கும் பீஸ் கட்ட வேண்டியதில்லை.

வலி ஆபீசில், பில் வீட்டிலா?

இங்கேதான் யாரும் பேசாத விஷயம் வருகிறது. வலி வருவது ஆபீஸ் நாற்காலியில். பில் கட்டுவது ஊழியரின் பாக்கெட்டில்.

பெரும்பாலான மருத்துவ இன்சூரன்ஸ் பாலிசிகள் ஆஸ்பத்திரியில் படுத்தால்தான் பணம் தரும். தினம் வந்து போகிற பிசியோதெரபிக்கு பெரும்பாலும் கிடைக்காது. இ.எஸ்.ஐ. இருப்பவர்களுக்கு இலவச சிகிச்சை உண்டு. கோவை சிங்காநல்லூரில் இ.எஸ்.ஐ. மருத்துவக்கல்லூரி ஆஸ்பத்திரியே இருக்கிறது. ஆனால் இ.எஸ்.ஐ.க்கு சம்பள வரம்பு உண்டு. 2017-ல் அந்த வரம்பு மாதம் 21 ஆயிரம் ரூபாய் என்று உயர்த்தப்பட்டது. அதைத் தாண்டி கொஞ்சம் சம்பளம் வாங்கினாலும் அந்தக் கதவு மூடிவிடும். அரசு ஆஸ்பத்திரியில் பிசியோதெரபி பிரிவு இருக்கிறது. ஆனால் காலை நேரத்தில் ஓ.பி.க்குப் போய் வரிசையில் நிற்க, தினம் லீவு தருகிற ஆபீஸ் எது?

தொழிற்சாலைச் சட்டத்தில் தொழில் நோய்கள் என்று ஒரு பட்டியல் உண்டு. ஈய விஷம், பஞ்சு தூசியால் வரும் நுரையீரல் நோய், சத்தத்தால் காது கேளாமை என்று அதில் 29 நோய்கள் இருந்தன. கழுத்து வலி அதில் இல்லை. 2025 நவம்பர் 21-ந் தேதி அமலுக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பில், குறிப்பிட்ட வயதைக் கடந்த ஊழியர்களுக்கு ஆண்டுக்கு ஒரு முறை இலவச மருத்துவப் பரிசோதனை என்று சொல்லி இருக்கிறார்கள். நல்ல விஷயம். ஆனால் அதில் சுகர், பிரஷர் பார்த்து விட்டு அனுப்பி விட்டால் கழுத்தை யார் பார்ப்பது?

வாரம் ஒரு நாள் பிசியோதெரபிஸ்ட் ஒருவரை ஆபீசுக்கே வரவழைத்து, நாற்காலி, மேஜை உயரம் பார்த்து, பயிற்சி சொல்லிக் கொடுத்தால் கம்பெனிக்கு ஆகும் செலவு பெரிதாக இருக்காது. அரை நாள், ஒரு நாள் என்று லீவு போட்டே வேலை கெடுவதை விட அது லாபம்தான்.

கை வைக்கும் முன் கேளுங்கள்

பிசியோதெரபிஸ்ட்டுகள் உள்ளிட்ட துணை மருத்துவத் துறையினருக்காக 2021 மார்ச்சில் நாடாளுமன்றத்தில் தனிச் சட்டமே நிறைவேறி இருக்கிறது. பிசியோதெரபிஸ்ட் என்றால் குறைந்தபட்சம் பட்டப்படிப்பு வேண்டும் என்று அந்தச் சட்டம் சொல்கிறது. 3 மாதம், 6 மாதம் கோர்ஸ் முடித்தவர்கள் போர்டு மாட்டினால் ஏமாறக்கூடாது.

* பி.பி.டி. அல்லது எம்.பி.டி. படித்தவரா என்று கேளுங்கள். கேட்பதில் தப்பே இல்லை.

* முதல் நாளில் கழுத்தைத் திருப்பிப் பார்த்து, கையில் பலம், உணர்ச்சி பார்த்து, பிரஷர் மாத்திரை, எலும்பு பலவீனம், பழைய விபத்து பற்றிக் கேட்டாரா என்று கவனியுங்கள். எதுவும் கேட்காமல் கழுத்தைப் பிடித்தால் எழுந்து வந்து விடுங்கள்.

* "கழுத்தில் சொடக்கு எடுப்பீர்களா, எடுக்காமல் மெதுவாகச் செய்ய முடியுமா?" என்று முன்கூட்டியே கேளுங்கள். வேண்டாம் என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு.

* எத்தனை நாள் வர வேண்டும், எப்போது நிறுத்தலாம், வீட்டில் என்ன பயிற்சி என்று கேளுங்கள். "வந்துக்கிட்டே இருங்க" என்பது பதில் அல்ல.

இது இருந்தால் உடனே ஆஸ்பத்திரி

கை, விரல் மரத்து பலம் குறைவது, நடை தள்ளாடுவது, சிறுநீர் கட்டுப்படாமல் போவது, காய்ச்சலோடு கழுத்து விறைப்பது, விழுந்து அடிபட்ட பிறகு வரும் வலி, காரணமின்றி எடை குறைவது ஆகியவை இருந்தால் யாரிடமும் கழுத்தைக் கொடுக்காமல் நேராக டாக்டரிடம் போக வேண்டும். கழுத்து வலியோடு நெஞ்சு அழுத்தமும், இடது கை வலியும், வியர்வையும் இருந்தால் அது இதயமாக இருக்கலாம்.

கழுத்தில் கை வைத்த பிறகு தலை சுற்றல், இரண்டு இரண்டாகத் தெரிவது, பேச்சு குழறுவது, விழுங்க முடியாமல் போவது, முகம் ஒரு பக்கம் இழுப்பது என்று எது வந்தாலும் 108-க்கு போன் செய்யுங்கள். பக்கவாதத்தில் ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும். "தூங்கி எழுந்தா சரியாயிடும்" என்று படுத்தால் வாழ்க்கையே படுத்துவிடும்.

பெரும்பாலான கழுத்து வலி சில வாரங்களில் தானாகவே குறையக்கூடியது. நல்ல கை கிடைத்தால் அந்த நாட்களை சுலபமாகக் கடக்கலாம். ஆனால் திரும்ப வராமல் தடுப்பது அந்தக் கை அல்ல. தினம் 2 நிமிடம் டியூப் பிடிக்கிற நம்ம கையும், நாற்காலி வாங்கிக் கொடுக்கிற முதலாளியின் கையும்தான். முதல் கை நம்மிடம் இருக்கிறது. இரண்டாவது கை நீளுமா?